அயர்லாந்து ஹோம் ரூல்: ரெட்மண்ட் கோட்டை விட்டாரா, ஏமாற்றப்பட்டாரா?

#1 அடைமழை

அயர்லாந்து என்றால் நம்மில் பலருக்கு 1916 ஈஸ்டர் எழுச்சி, மைக்கேல் காலின்ஸ், டி வலேரா, அத்தோடு சரி. அதற்கு முன்னால் நாற்பது வருஷத்துக்கும் மேலாக லண்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, பிரிட்டனுக்குள் இருந்தபடியே டப்ளினில் தனி நாடாளுமன்றம், அதாவது ஹோம் ரூல் என்ற தன்னாட்சியை, பேசியும் ஓட்டுப் போட்டும் கேட்ட ஒரு கட்சி இருந்தது. அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

1886, 1893, 1912 என்று மூன்று ஹோம் ரூல் மசோதாக்கள். மூன்றாவது, 1914 செப்டம்பர் 18 அன்று அரச ஒப்புதலும் வாங்கிச் சட்டமாகிவிட்டது. அதை வாங்கித் தந்தவர் ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் தலைவர் ஜான் ரெட்மண்ட். நான்கே வருஷம் கழித்து, 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 தொகுதிகளில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 6. முழு விடுதலை கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சிக்கு 73.

கேட்டதை வாங்கிக் கொடுத்த கட்சியை மக்கள் இப்படித் துடைத்துப் போட்டது ஏன்? ரெட்மண்ட் லண்டனை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

#2 பழையபேப்பர்

ரெட்மண்டிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கொஞ்சம் பின்னால் போவோம்.

1801-ல் ஒன்றிணைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. டப்ளின் காலேஜ் கிரீனில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தை மூடிவிட்டு எம்.பி.க்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். கட்டடம் வங்கிக்கு விலை போனது. கீழ்சபையான காமன்ஸ் கூடிய மண்டபத்தை உருத்தெரியாமல் மாற்றிவிட்டார்கள். பிரபுக்கள் கூடிய மண்டபம் மட்டும் தப்பியது.

1870-ல் ஹோம் ரூல் கோரிக்கையை இயக்கமாக்கியவர் ஐசக் பட், புராட்டஸ்டன்ட் வழக்கறிஞர். அதற்குப் பல் முளைக்க வைத்தவர் பார்னெல், அவரும் புராட்டஸ்டன்ட், போதாக்குறைக்கு விக்லோவில் நிலக்கிழார். இதைக் கத்தோலிக்கர் - புராட்டஸ்டன்ட் சண்டை என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த இரண்டு பேரையும் எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

பார்னெல் கூட்டத்தின் முதல் ஆயுதம் பேச்சு. சபை நடக்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பது. 1881-ல் ஒரே அமர்வு 41 மணி நேரம் நீண்டு, கடைசியில் சபாநாயகர் தானாகவே விவாதத்தை வெட்டி முடித்தார். விவாதத்தை முடித்து வைக்கும் விதிகளை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எழுதிக்கொண்டதே இவர்கள் தொல்லை தாங்காமல்தான். இரண்டாவது ஆயுதம் கிராமத்தில் இருந்தது: 1879-ல் மைக்கேல் டேவிட் தொடங்கிய நிலக் கழகம். குத்தகைக்காரனின் வயிற்றுப் பிரச்சினையையும் டப்ளின் நாடாளுமன்றக் கனவையும் பார்னெல் ஒரே கயிற்றில் கட்டினார்.

1885 தேர்தலில் அவர் கையில் 86 எம்.பி.க்கள். லிபரல் கட்சிக்கும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் இடையிலிருந்த வித்தியாசமும் அதே 86. லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் ஹோம் ரூலுக்கு மாறினார். 1886-ல் மசோதா வந்தது. அவருடைய கட்சியிலேயே 93 பேர் எதிர்த்து ஓட்டுப் போட, 30 ஓட்டில் தோற்றது. 1893-ல் காமன்ஸ் நிறைவேற்றியது, பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்று தூக்கி எறிந்தது.

1886-லேயே இது நிறைவேறியிருந்தால் ரெட்மண்ட் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். அடைமழை அவர் தலையில் போடும் பழியில் பாதி அந்த 419 பேருக்குப் போக வேண்டியது.

#3 சுண்டல்

அண்ணே, பார்னெல் விவாகரத்து வழக்கில் மாட்டிக்கொண்டு அழிந்தார் என்று கேள்விப்பட்டேன். அதைத் தாண்டிப் போய்விட்டீர்களே, எங்களுக்கு அதுதான் வேண்டும் 😄

#4 பழையபேப்பர்

உனக்கு அதுதான் வேண்டும் என்று தெரியும்.

முதலில் போலிக் கடிதம். 1887-ல் டைம்ஸ் பத்திரிகை, 1882-ல் பிரிட்டிஷ் அரசின் உயர்பொறுப்பாளர்கள் இருவரைக் குத்திக் கொன்ற டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்கா கொலைகளைப் பார்னெல் மன்னித்து எழுதியதாக ஒரு கடிதத்தின் நகலை வெளியிட்டது. இதற்கென்று விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. 1889 பிப்ரவரியில் கடிதங்களை விற்ற ரிச்சர்ட் பிகட் சாட்சிக் கூண்டில் ஏறினார். பார்னெலின் வழக்கறிஞர் ஒரு தாளைக் கொடுத்து, "நான் சொல்கிற வார்த்தைகளை எழுதுங்கள்" என்றார். பத்தோடு பதினொன்றாகத் தயக்கம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லும் அதில் இருந்தது. கடிதத்தில் அந்தச் சொல்லில் இருந்த அதே எழுத்துப் பிழை தாளிலும் வந்தது. பிகட் மாட்ரிட்டுக்கு ஓடி, அங்கே தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். பார்னெலின் புகழ் உச்சிக்குப் போனது.

அடுத்த வருஷமே கதை தலைகீழ். தன் கட்சி எம்.பி.யாகவே இருந்த கேப்டன் ஓ'ஷேயின் மனைவி கேத்தரினோடு பார்னெல் பல வருஷம் குடும்பம் நடத்தி வந்தது 1890 நவம்பரில் நீதிமன்றத்தில் அம்பலமானது. பார்னெல் தலைவராகத் தொடர்ந்தால் என் தலைமைக்கே அர்த்தமில்லாமல் போகும் என்று கிளாட்ஸ்டன் சொல்லிவிட்டார். டிசம்பரில் நாடாளுமன்றத்தின் 15-ம் எண் குழு அறையில் கட்சி கூடி நாள் கணக்கில் அடித்துக்கொண்டது. கிளாட்ஸ்டன் சொல்லுக்குக் கட்டுப்பட்டால் இந்தக் கட்சிக்கு எஜமானர் அவர்தான் என்று பார்னெல் பக்கம் நின்று பேசினார் ஒருவர். "அப்படியானால் கட்சியின் எஜமானி யார்?" என்று டிம் ஹீலி திருப்பிக் கொடுத்தார். பார்னெல் அடிக்கவே பாய்ந்ததாகச் சொல்வார்கள். கடைசியில் பெரும்பான்மை, 45 பேர், எழுந்து வெளியே போனார்கள்.

எஜமானர் என்று பேசியவர் வேறு யாருமில்லை, ஜான் ரெட்மண்ட். பார்னெல் 1891 அக்டோபரில் இறந்தார். உடைந்த கட்சியை 1900-ல்தான் ரெட்மண்ட் தலைமையில் ஒட்ட வைத்தார்கள். பத்து வருஷம் வீண்.

#5 கணக்குப்பிள்ளை

எல்லோரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மசோதாவைத் திறந்து பாருங்கள் சார். 1912 மசோதாவில் டப்ளினுக்கு என்ன கொடுத்தார்கள்? 164 பேர் கொண்ட கீழ்சபை, 40 பேர் கொண்ட செனட். கொடுக்காதது என்ன? ராணுவம், வெளியுறவு, மன்னர் தொடர்பான எல்லாம். சுங்க வரியில் பெரும்பகுதி லண்டன் கையில். போலீஸ் முதல் ஆறு வருஷத்துக்கு லண்டன் கையில். நிலம் வாங்கும் திட்டம், முதியோர் ஓய்வூதியம் இரண்டும் லண்டன் கையில். மேலே 42 ஐரிஷ் எம்.பி.க்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடர்வார்கள். வரி போட்டுத் தானே செலவு செய்யும் அதிகாரம் இல்லாததற்கு நாடாளுமன்றம் என்று பெயர் வைத்தால் நாடாளுமன்றம் ஆகிவிடுமா?

லண்டன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1909-ல் ஓய்வூதியம் வந்தது. அயர்லாந்து ஏழை நாடு, இளசுகள் கப்பலேறிவிட்டார்கள், ஊரில் முதியவர்கள் அதிகம். கொஞ்ச நாளில் அயர்லாந்திலிருந்து வரும் வரியை விட அங்கே ஆகும் செலவு கூடிப்போனது. கிளாட்ஸ்டன் காலத்தில் டப்ளின் லண்டனுக்கு வருஷாவருஷம் பணம் கட்டும் என்று கணக்குப் போட்டார்கள். 1912-ல் பிரதமராக இருந்த அஸ்க்வித் காலத்தில் லண்டன் கைக்காசு போட்டு ஹோம் ரூல் கொடுக்க வேண்டிய நிலை.

இன்னொன்று. 1903-ல் வின்டம் நிலச் சட்டம். குத்தகைக்காரர் நிலத்தை வாங்க அரசு கடன். வருஷத்துக்கு மூன்றேகால் சதவீதம் வீதம் அறுபத்தெட்டரை வருஷத்தில் அடைக்கலாம். விற்கும் நிலக்கிழாருக்கு 12 சதவீதம் ஊக்கத்தொகை. நிலம் கைக்கு வந்தால் ஹோம் ரூலை மறந்துவிடுவார்கள் என்று கன்சர்வேட்டிவ் அரசு கணக்குப் போட்டது. நிலத்தையும் வாங்கிக்கொண்டு ஹோம் ரூலையும் கேட்டார்கள். அந்தக் கணக்கு மட்டும் தப்பு.

#6 லகன்கரை

நான் பெல்ஃபாஸ்டில் இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆதரவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அன்றைய அயர்லாந்தில் பெரிய தொழில் நகரம் இதுதான். கப்பல் கட்டும் தளங்கள், லினன் ஆலைகள். சரக்கு பிரிட்டனுக்கும் அதன் பேரரசுக்கும் போனது. விவசாயிகளின் நாடாளுமன்றம் டப்ளினில் உட்கார்ந்து வரி விதித்தால் தங்கள் தொழில் போச்சு என்பது முதலாளிகளின் பயம். ஹோம் ரூல் என்றால் ரோம் ரூல், பாதிரியார் ஆட்சி என்பது தொழிலாளிகளிடம் இருந்த பயம். இரண்டையும் ஊதி வளர்த்தவர்கள் இருந்தார்கள், ஆனால் இல்லாத பயத்தை ஊதவில்லை.

1912 செப்டம்பர் 28. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில், ஹோம் ரூலை எதிர்த்த யூனியனிஸ்டுகளின் தலைவர் எட்வர்ட் கார்சன் முதல் கையெழுத்துப் போட, வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் எதிர்ப்பு உடன்படிக்கையில் ஆண்கள் 2,37,368 பேர் ஒப்பமிட்டார்கள். பெண்களுக்குத் தனி உறுதிமொழி, அதில் 2,34,046 பேர். இத்தனைக்கும் கார்சன் டப்ளின்காரர். ஆஸ்கர் வைல்டை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்தாரே, அதே வழக்கறிஞர். ஃபிரெட் கிராஃபர்ட் என்பவர் தன் ரத்தத்தால் கையெழுத்திட்டதாகப் பெருமை பேசினார். நூறு வருஷம் கழித்து 2012-ல் சோதித்துப் பார்த்ததில் ரத்தத்தின் சுவடே இல்லை.

அதே 1912 ஜூலையில் இந்தக் கப்பல் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளிகளை அடித்து விரட்டியதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவள் ஆவேன்.

#7 அடைமழை

லகன்கரை மேடம், அல்ஸ்டர் அல்ஸ்டர் என்று கார்சன் பேசினாரே, அந்த அல்ஸ்டரே ஒருமனதாக இல்லையே? 1913 ஜனவரியில் டெரி இடைத்தேர்தலில் ஹோம் ரூல் வேட்பாளர் ஜெயித்த பிறகு, அல்ஸ்டரின் 33 தொகுதிகளில் 17 ஹோம் ரூல் பக்கம், 16 எதிர்ப்பக்கம். அந்த வேட்பாளரும் புராட்டஸ்டன்ட்தான்.

#8 லகன்கரை

உண்மைதான் அடைமழை. ஒன்பது மாவட்டங்களில் ஆன்ட்ரிம், டவுன், அர்மா, லண்டன்டெரி நான்கில்தான் புராட்டஸ்டன்டுகள் பெரும்பான்மை. டொனிகால், காவன், மோனகன் மூன்றிலும் தெளிவாகக் கத்தோலிக்கர் பெரும்பான்மை. தலைவலி டைரோனும் ஃபெர்மானாவும். இரண்டிலும் கத்தோலிக்கர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பக்கத்துப் பக்கத்து வீடு, பக்கத்துப் பக்கத்து வயல். அல்ஸ்டரை ஹோம் ரூலிலிருந்து விலக்க எப்படிக் கோடு போட்டாலும் யாரோ தப்பான பக்கத்தில் மாட்டுவார்கள்.

1914 ஜூலையில் மன்னரே பக்கிங்ஹாம் அரண்மனையில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தும் இந்த இரண்டு மாவட்டங்களில் தட்டி நின்றது. மாநாடு முறிந்த 24-ம் தேதி பிற்பகல் அமைச்சரவை அந்த ஊர்களின் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வெளியுறவு அமைச்சர் கிரே எழுந்து ஆஸ்திரியா செர்பியாவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கையை வாசித்தார் என்று சர்ச்சில் பின்னாளில் எழுதியிருக்கிறார். பதினோரே நாளில் பிரிட்டன் உலகப் போரில்.

#9 பழையபேப்பர்

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ரெட்மண்டைக் கவிழ்த்தது மசோதாவின் ஓட்டைகளோ அவருடைய நம்பிக்கையோ அல்ல. 1912-க்கும் 1914-க்கும் இடையில் எல்லாரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: லண்டன் ஓட்டுக்கு மசியாது, துப்பாக்கிக்கு மசியும்.

1911-ல் பிரபுக்கள் சபையின் ரத்து அதிகாரம் போய், இரண்டு வருஷத் தாமதமாகச் சுருங்கியது. ஆக 1912 மசோதா 1914-ல் எப்படியும் சட்டமாகும். ஓட்டுக் கணக்கில் ரெட்மண்ட் ஜெயித்துவிட்டார். எதிர்த்தரப்பு என்ன செய்தது? 1913 ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படையை அமைத்தது. அல்ஸ்டர் எந்த எல்லைக்குப் போய் எதிர்த்தாலும் கூட நிற்பேன் என்று கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் போனர் லா ஏற்கெனவே மேடையில் முழங்கியிருந்தார். நாளைய பிரதமர் நாற்காலிக்குக் காத்திருப்பவர் பேசுகிற பேச்சா இது?

1914 மார்ச்சில், டப்ளினுக்கு மேற்கே கரா முகாமில் பிரிகேடியர் கஃப்பும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைப்படை அதிகாரிகளும், அல்ஸ்டருக்கு எதிராக அனுப்பினால் வேலையை விட்டுப் போகிறோம் என்றார்கள். தண்டனை? ஒன்றும் இல்லை. அல்ஸ்டரை நசுக்க உங்களை அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அப்புறம் அரசு அந்த உத்தரவாதத்தை மறுதலித்தது, போர்த்துறை அமைச்சர் பதவி இழந்தார், அது வேறு.

ஏப்ரல் 24 இரவு. லார்ன் துறைமுகத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த சுமார் 25,000 துப்பாக்கிகள் இறங்கின. லகன்கரை சொன்ன அதே ரத்தக் கையெழுத்து கிராஃபர்ட் ஏற்பாடு. வரிசையாக மோட்டார் கார்கள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வழக்குக்கூடப் போடவில்லை.

ஜூலை 26. டப்ளினுக்குப் பக்கத்தில் ஹௌத்தில் தேசியவாதத் தொண்டர்களுக்கு எர்ஸ்கின் சில்டர்ஸின் பாய்மரப் படகில் 900 பழைய மவுசர் துப்பாக்கிகள் வந்தன. இங்கே ராணுவம் வந்தது. சாயங்காலம் டப்ளின் பேச்சலர்ஸ் வாக்கில் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். காயப்பட்ட இன்னொருவர் பின்னால் இறந்தார்.

லார்னையும் ஹௌத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு டப்ளின் இளைஞன், அதற்கு மேல் ரெட்மண்டின் நாடாளுமன்றப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பானா?

#10 சுண்டல்

25,000-க்கு வேடிக்கை, 900-க்குக் குண்டு. நல்ல நியாயம்டா சாமி.

#11 அடைமழை

பழையபேப்பர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்குப் பிறகு ரெட்மண்ட் செய்ததைப் பாருங்கள். அல்ஸ்டர்காரர்கள் வெறும் பூச்சாண்டி காட்டுகிறார்கள் என்று கடைசி வரை நினைத்தவர் அவர். சட்டம் வந்த அன்றே போர் முடியும் வரை அதை நிறுத்தி வைக்கும் சட்டமும் கூடவே வந்தது. கையில் ஒன்றும் இல்லை. இரண்டே நாளில், செப்டம்பர் 20 அன்று, விக்லோவில் வுட்டன்பிரிட்ஜில் தேசியவாதத் தொண்டர் படைக்கு முன்னால் நின்று, போர்முனை எங்கே நீள்கிறதோ அங்கெல்லாம் போங்கள் என்றார். யாருடைய போருக்கு? தொண்டர் படை அங்கேயே பிளந்தது. பெரும்பாலானவர்கள் அவரோடு போனார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கும் குறைவான ஒரு கூட்டம் படைத் தலைவர் மக்னீலோடு தங்கியது. 1916-க்கு ஆள் வந்தது அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து.

பதிலுக்கு என்ன கிடைத்தது? கார்சனின் ஆட்களுக்குத் தங்கள் அதிகாரிகளோடு 36-வது அல்ஸ்டர் டிவிஷன். ரெட்மண்டின் படைக்கு அப்படித் தனி அணியாக நிற்கும் சலுகையைப் போர்த்துறை அமைச்சர் கிச்சனர் தரவில்லை. 1915 மே மாதம் கூட்டணி அமைச்சரவையில் கார்சன் அமர்ந்தார். ரெட்மண்டையும் அழைத்தார்கள், கட்சிக் கொள்கை என்று சொல்லி மறுத்துவிட்டார். எதிரி அறைக்குள், இவர் வாசலில். இதற்கும் லண்டன்தான் காரணமா?

1916-ல் பிரிட்டிஷ் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் நடத்திய பேச்சுவார்த்தை இன்னும் மோசம். அல்ஸ்டர் விலக்கு தற்காலிகம் என்று ரெட்மண்டிடம். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அல்ஸ்டரை அயர்லாந்தோடு சேர்த்துவிட மாட்டோம் என்று கார்சனுக்கு, எழுத்தில். ரெட்மண்ட் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா?

#12 நீலக்குயில்

இத்தனை பதிவில் பெண்கள் ஒரு தடவைதான் வந்தார்கள், அதுவும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட. இன்னொரு பக்கமும் இருக்கிறது.

1912-ல் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கும் மசோதா ஒன்று வெஸ்ட்மின்ஸ்டரில் தோற்றது. அதைத் தோற்கடித்ததில் ரெட்மண்டின் எம்.பி.க்களுக்குப் பங்கு உண்டு. அஸ்க்வித் அரசு ஆட்டம் கண்டால் ஹோம் ரூல் போய்விடும் என்று பயம். ஹோம் ரூல் மசோதாவிலும் பெண்களுக்கு ஓட்டு இல்லை. டப்ளினில் 1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனும் மார்கரெட் கசின்ஸும் தொடங்கிய ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகம் சும்மா இருக்கவில்லை. கசின்ஸ் 1913-ல் டப்ளின் கோட்டையின் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துச் சிறை போனார்.

அதே மார்கரெட் கசின்ஸ்தான் 1915-ல் கணவர் ஜேம்ஸோடு சென்னைக்கு வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது அவர் முயற்சியில். அன்னி பெசன்ட் ஹோம் ரூல் லீக் தொடங்கியது அதற்கு முந்தைய வருஷம். அந்தப் பெயர் அயர்லாந்திலிருந்து வந்ததுதான். 1894 சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃபிரட் வெப்பும் ஐரிஷ் ஹோம் ரூல் எம்.பி., டப்ளின்காரர்.

#13 மட்டுறுத்துநர்

பெசன்ட் அம்மையார் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள். இங்கே அயர்லாந்தோடு நிற்போம்.

#14 கணக்குப்பிள்ளை

1918 எண்களை வைத்துத்தான் அடைமழை ஆரம்பித்தார். அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். ஷின் ஃபெய்னின் 73 இடங்களில் 25-ல் போட்டியே இல்லை. போட்டி நடந்த இடங்களில் விழுந்த ஓட்டில் அவர்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவுதான். வெற்றி பெற்றவனுக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையில் ஓட்டு வித்தியாசத்தை விட இட வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வாக்காளர் பட்டியலும் முன்பு ஏழு லட்சம், இப்போது பத்தொன்பது லட்சத்துக்கும் மேல். முதல் முறை ஓட்டுப் போட்டவர்களே அதிகம். ரெட்மண்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் மனம் மாறினார்கள் என்பதை விட, வேறு மக்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பதே பெரும்பகுதி.

அவர்களைத் தள்ளியது 1916 ஈஸ்டர் எழுச்சித் தலைவர்களுக்குக் கொடுத்த மரண தண்டனைகள். மே 3 முதல் 12 வரை, ஒரேயடியாக அல்ல, தவணை முறையில் சுட்டார்கள். கடைசி நாளில் காயத்தோடு நிற்க முடியாத கானலியை நாற்காலியில் வைத்துச் சுட்டார்கள். மிச்சத்தை 1918 ஏப்ரல் கட்டாய ராணுவச் சட்டம் முடித்தது. அதை அயர்லாந்து ஏற்றுக்கொண்டால் ஹோம் ரூல் தருகிறோம் என்று இரண்டையும் லாயிட் ஜார்ஜ் சேர்த்துக் கட்டியதில் ஹோம் ரூல் என்ற பெயரே கசந்துபோனது. ரெட்மண்ட் அதைப் பார்க்கவில்லை; மார்ச்சிலேயே இறந்துவிட்டார். அவருடைய தம்பி வில்லி ரெட்மண்ட், எம்.பி., 1917 ஜூனில் மெஸ்ஸீன் போர்முனையில் செத்தார். வயது 56. காலியான கிழக்கு கிளேர் தொகுதியில் நின்று 5,010-க்கு 2,035 என்று ஜெயித்தவர் ஷின் ஃபெய்னின் டி வலேரா.

#15 பழையபேப்பர்

அடைமழை, எழுத்தில் வாங்கியிருந்தால் மட்டும்? கரா அதிகாரிகளுக்குக் கொடுத்த எழுத்தையே அரசு சில நாளிலேயே மறுத்தது. ரெட்மண்ட் கையில் சட்டமே இருந்தது, மன்னர் ஒப்பமிட்ட சட்டம். அதை விடப் பெரிய எழுத்து எது?

#16 அடைமழை

நிறுத்தி வைத்த சட்டம் எனக்கு எழுத்தில் சேர்த்தி இல்லை. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் போல.

#17 சுண்டல்

ஒரு சந்தேகம் அக்கா. ஒன்பது மாவட்டம் அல்ஸ்டர் என்றீர்கள். இன்று வட அயர்லாந்தில் ஆறுதானே இருக்கிறது? மூன்று எங்கே போயிற்று?

#18 லகன்கரை

யூனியனிஸ்டுகளே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1920 அயர்லாந்து அரசுச் சட்டம் எழுதும்போது பிரிட்டிஷ் அமைச்சரவைக் குழு ஒன்பதைத்தான் முதலில் யோசித்தது. ஒன்பதையும் சேர்த்தால் புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை நூலிழையில் தொங்கும், ஆறு என்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுதி என்று ஜேம்ஸ் கிரெய்க் தரப்பு கணக்குப் பார்த்தது. டொனிகால், காவன், மோனகனில் அதே உடன்படிக்கையில் கையெழுத்திட்ட புராட்டஸ்டன்டுகளைக் கைவிட்டார்கள். கத்தோலிக்கர் கூடுதலாக இருந்த டைரோனையும் ஃபெர்மானாவையும் வைத்துக்கொண்டார்கள். 1921 ஜூனில் ஐந்தாம் ஜார்ஜ் வந்து பெல்ஃபாஸ்டில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். ஹோம் ரூலே கூடாது என்று துப்பாக்கி இறக்கியவர்கள் 1972 வரை ஹோம் ரூல் ஆட்சி நடத்தினார்கள். தெற்கே அந்தச் சட்டத்தைச் சீந்தக்கூட ஆள் இல்லை.

#19 சுண்டல்

அப்புறம் அந்த எல்லையை மாற்றவே முயற்சி செய்யவில்லையா?

#20 கணக்குப்பிள்ளை

செய்தார்கள். 1921 டிசம்பரில் லண்டனும் ஷின் ஃபெய்னும் செய்த ஒப்பந்தத்தில் எல்லை ஆணையம் ஒன்றுக்கு வழி வைத்தார்கள். டைரோனும் ஃபெர்மானாவும் வந்துவிடும், மிச்சம் தனியாகத் தாக்குப்பிடிக்காது என்று டப்ளின் தரப்பு நம்பியது. 1925 நவம்பரில் ஆணையத்தின் முடிவு பத்திரிகையில் கசிந்தது. தெற்கு அர்மாவில் கொஞ்சம் தெற்குக்கு. பதிலுக்கு கிழக்கு டொனிகாலில் கொஞ்சம் வடக்குக்கு. இருப்பதும் போகிறதே என்று டப்ளின் அலறியது. டிசம்பர் 3-ல் லண்டன், டப்ளின், பெல்ஃபாஸ்ட் மூன்று அரசுகளும் அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டுப் பழைய எல்லைக் கோட்டையே ஏற்றுக்கொண்டன. அதே ஒப்பந்தத்தில், பிரிட்டனின் பொதுக்கடனில் டப்ளின் ஏற்க வேண்டிய பங்கு தள்ளுபடி ஆனது. அறிக்கையை 1969 வரை வெளியிடவே இல்லை.